சூலிமூலை

ஹன்சினாவைப் பற்றிப் பின்னால் பேசுகிறவர்கள் ஸ்கார்விக்கில் நிறையப் பேர் உண்டு. முன்னால் பேசினவர்கள் கிடையாது. ஃபாரோ தீவுகளிலேயே வாய் நீளமான ஊர் எங்களுடையது என்று அக்கரைக்காரர்கள் சொல்வார்கள். அந்த ஊருக்கே வாய் ஹன்சினாதான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஆள் குள்ளம். ஆனால் தோள் இரண்டும் ஆம்பிளைத் தோள். குமரியாக இருந்தபோது, அடுப்பெரிக்க வெட்டிக் காயவைத்த எரிமண் கட்டிகளைக் கூடை நிறைய முதுகில் கட்டிக்கொண்டு மலையிறங்குவாள். இறங்கும்போதே இரண்டு கையும் கம்பளிக் காலுறை பின்னிக்கொண்டிருக்கும், வாய் கூட வருகிறவர்களை வம்புக்கு இழுத்துக்கொண்டிருக்கும்.

அவள் புருஷன் சாமல் பேசாத மனுஷன். ஏன் பேசமாட்டேன்கிறாய் என்று கேட்டால், "கல்யாணம் ஆன நாள்லேருந்து என் முறைக்காகத்தான் காத்திருக்கேன்" என்பான். பெற்றது மூன்று, தங்கியது ஹெய்னி ஒருத்தன்தான். மற்ற இரண்டும் தவழும் முன்னாலேயே போய்விட்டன. அந்த இரண்டைப் பற்றி மட்டும் ஹன்சினா வாய் திறந்து யாரும் கேட்டதில்லை.

அவளுக்கு ஊரில் ஒரு பதவி இருந்தது. யாரும் கொடுக்காமல் அவளாகவே எடுத்துக்கொண்ட பதவி. இறகு பறிக்கும் கொட்டகையில் அவள் சொன்னதுதான் சட்டம்.

ஆகஸ்ட் கடைசியில் நோவாத்தி இறங்கும். பாறை உச்சிக் கூட்டிலேயே உட்கார்ந்து தாயும் தகப்பனும் கொண்டுவந்து கொட்டியதைத் தின்று கொழுத்த கடற்பறவைக் குஞ்சு அது. பறக்கிறேன் பேர்வழி என்று குதித்து, பாரம் தாங்காமல் கடலில் விழுந்து, மறுபடி எழும்ப முடியாமல் மிதந்துகொண்டிருக்கும். ஆண்கள் படகில் போய் வலைக்கரண்டியால் அள்ளிக்கொண்டு வருவார்கள். பக்கத்தில் போனால் வாயிலிருந்து எண்ணெயைக் காறித் துப்பும். அந்த நாற்றம் சட்டையில் பட்டால் சட்டையைப் புதைக்க வேண்டியதுதான். படகைக் கரையில் இழுத்துப் போட்டதோடு ஆம்பிளை வேலை முடிந்தது. பறிப்பதும் கிழிப்பதும் உப்புப் போட்டுப் பீப்பாயில் அடுக்குவதும் பெண்கள் பாடு. குளிர்காலம் முழுக்க ஏழை வீட்டில் இறைச்சி என்றால் அந்தப் பீப்பாய்தான்.

இறைச்சி காயவைக்கிற காற்றுக்கொட்டகையில்தான் பறிப்பார்கள். பலகைக்குப் பலகை இடைவெளி விட்டு அடித்த சுவர், கடல்காற்று ஊடுருவிப் போகும். பத்துப் பன்னிரண்டு பெண்கள் உட்கார்ந்து பறித்தால் உள்ளே பனி கொட்டுகிற மாதிரி இறகு பறக்கும். தலைமயிரில் இறகு, புருவத்தில் இறகு, நாக்கில் இறகு. துப்பிக்கொண்டே பறிப்பார்கள், துப்பிக்கொண்டே சிரிப்பார்கள். சீசன் முடிகிறவரை எல்லோருக்கும் இருமல் இருக்கும். 'இறகு இருமல்' என்று அதற்குப் பேரே வைத்திருந்தார்கள். பேர் வைத்துவிட்டால் அப்புறம் பயம் ஏது?

வாயும் வயிறுமாக இருக்கிறவளை எங்கள் ஊரில் எரிமண் சுமக்க விடமாட்டார்கள், மலைச்சரிவில் புல் அறுக்க விடமாட்டார்கள், படகுக் கயிற்றைத் தொட விடமாட்டார்கள். உட்கார்ந்து செய்கிற வேலை ஒன்றுதான் அவளுக்கு. அதிலும் கொட்டகையின் உள்கோடி மூலையில், காற்று எட்டாத இடத்தில், ஆட்டுத்தோல் விரித்து அவளை உட்கார வைப்பார்கள். அந்த இடத்துக்குச் சூலிமூலை என்று பேர். ராணிக்குச் சிம்மாசனம் எப்படியோ, சூலிக்கு அந்த மூலை. பிள்ளை இல்லாதவள் அந்தப் பக்கம் பார்த்துப் பெருமூச்சு விடுவாள். யாரை அங்கே உட்கார வைப்பது என்று சொல்கிற உரிமை ஹன்சினாவுக்கு.

ஹெய்னி கட்டிக்கொண்டு வந்த மார்யுன், டவுனில் செருப்புத் தைக்கிறவரின் மகள். மலையேறத் தெரியாது, பால் கறக்கத் தெரியாது. ஆனால் மாமியாருக்குப் பதில் சொல்லத் தெரியும். வந்த புதிதில் ஹன்சினா, "உங்கப்பா உனக்குக் கத்துக்குடுத்தது என்னதான்டி?" என்று கேட்டாள். "வாயைத் தைக்கக் கத்துக்குடுத்தார் அத்தை. ஊசி கொண்டு வரலை, இல்லாட்டி உங்களுக்கே தச்சிருப்பேன்" என்று சொல்லிவிட்டாள் மார்யுன். சாமல் எழுந்து வெளியே போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தானாம். ஹன்சினா மூன்று நாள் முகம் கொடுக்கவில்லை. உள்ளுக்குள் அவளுக்கு அந்தப் பெண்ணை ரொம்பப் பிடித்துப்போயிற்று. பிடித்ததைக் காட்டிக்கொள்ள வேண்டுமே, அதுதான் அவளுக்கு வராது.

நாலு வருஷம் மார்யுனுக்கு ஒன்றும் தங்கவில்லை. "நம்ம வீட்டுக்கு மூலை வாய்க்கவே மாட்டேங்குதே" என்று கொட்டகையில் ஹன்சினா பொதுவாகச் சொல்வதுபோல் சொல்வாள். மார்யுன் காதில் விழாதமாதிரி பறித்துக்கொண்டிருப்பாள். நாக்கில் நரம்பில்லாமல் பேசினது அது. எத்தனை பரிவு இருந்தாலும் அந்தப் பேச்சைப் பேசினவள் பேசினவள்தான், அதை நான் பூசி மெழுகப் போவதில்லை.

ஐந்தாம் வருஷக் குளிர்காலத்தில் மார்யுன் உண்டானாள். ஆகஸ்டில் ஏழு மாசம். இந்தப் பிள்ளை பிழைத்துவிட வேண்டும் என்பதைத் தவிர ஹன்சினாவுக்கு அந்த வருஷம் வேறு நினைப்பே இல்லை. மார்யுனைக் குனிய விடவில்லை, வாளி தூக்க விடவில்லை. காய்ந்த ஆட்டிறைச்சியில் நல்ல துண்டாகப் பார்த்து அவள் தட்டில் போட்டுவிட்டு, "மிஞ்சிப்போச்சு, தின்னு" என்பாள்.

ஒரே ஒரு பயம் இருந்தது. முந்தின வருஷம் சூலிமூலையில் உட்கார்ந்திருந்த ஆன்னிகா, பறிப்பு முடிந்த கையோடு மார்க்காய்ச்சலில் விழுந்து, வயிற்றுப் பிள்ளையோடு போய்விட்டாள். எல்லோரும் காற்றைத்தான் குற்றம் சொன்னார்கள். மூலையாக இருந்தாலும் பலகை இடுக்கில் ஊதல் வருகிறது, அதுதான் நெஞ்சில் இறங்கிவிட்டது என்று. ஹன்சினாவும் அதைத்தான் நம்பினாள். நம்பியதால்தான் அந்தக் காரியத்தைச் செய்தாள்.

முதல் படகு வருவதற்கு முந்தின நாள், சாமலின் பழைய படகுப் பாயைத் தோளில் போட்டுக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். முக்காலி மேல் ஏறி, மூலையைச் சுற்றி இரண்டு பக்கச் சுவரையும் பாயால் மூடி, இடுக்கு தெரியாமல் ஆணியடித்தாள். எதிர்ப்பக்கம் திரைபோல இன்னொரு துண்டு. ஒரு மெழுகுவத்தியைக் கொளுத்தி உள்ளே வைத்துப் பார்த்தாள். சுடர் அசையவில்லை. அப்போதுதான் அவளுக்கு மனசு ஆறியது.

மறுநாள் காலையில் மார்யுன் கம்பளிச் சால்வையைப் போர்த்திக்கொண்டு மலைப்பக்கம் கிளம்பினாள்.

"எங்கடி கிளம்பிட்ட?"

"புல்லு புரட்டப் போறேன் அத்தை. வெயில் அடிக்குது, காத்து நல்லா இருக்கு. அந்தப் பறவை நாத்தம் எனக்கு ஆகலை. குடலைப் புரட்டுது."

"குடலைப் புரட்டாத சூலி எந்த ஊர்ல இருக்கா? போ, போய் மூலையில உக்காரு."

"ஒரு கூடை எரிமண்ணு வேணா சுமக்கறேன். கொட்டகை மட்டும் வேண்டாம் அத்தை."

"என் பொணத்தைத் தாண்டிப் போய்ச் சுமந்துக்கோ! நாலு வருஷமா அந்த மூலையைப் பாத்துப் பாத்து என் கண்ணு பூத்துப் போச்சு. ராத்திரியெல்லாம் யோசிச்சு உனக்குன்னு அடைச்சு வச்சிருக்கேன். ஊரே பாக்கணும், என் மருமக அங்க உக்காந்திருக்கிறதை."

மார்யுன் மாமியார் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் என்ன தெரிந்ததோ, எதிர்த்துப் பேசாமல் திரும்பி வந்தாள். அவள் பேசாமல் பணிந்தது அந்த ஒரு தடவைதான்.

பறிப்பு கலகலப்பாக நடந்தது. வாசல் பக்கப் பலகையில் உட்கார்ந்திருந்தவள் சிக்கா லேனா. அடுத்த வீட்டுப் பையன் கட்டிக்கொண்டு வந்த புதுப்பெண். காற்று முதுகில் அடிக்க அவள் நடுங்கிக்கொண்டே, "அத்தை, எனக்கும் அந்தக் கூடாரத்துல ஒரு ஓரம் குடுங்களேன்" என்று கேட்டாள். பெரியவர்கள் எல்லோரையும் அத்தை என்று கூப்பிடுவது அவள் வழக்கம்.

"வயித்தைக் காட்டு, இடம் தர்றேன்" என்றாள் ஹன்சினா.

கொட்டகையே சிரித்தது. திரைக்குப் பின்னால் மார்யுனும் சிரித்தாள், சிரிப்போடு இருமலும் வந்தது. பாய்க்குள் இறகுத்தூள் எங்கும் போக வழியில்லாமல் மாவுபோல நின்றது. அவள் வெளியே வரும்போதெல்லாம் இமையிலும் உதட்டிலும் வெள்ளையாகப் படிந்திருக்கும். "மாவு மில்லுக்காரி வர்றா" என்று கேலி செய்வார்கள். ஹன்சினா தன் இடுப்பில் கட்டிய துணியால் அவள் முகத்தைத் துடைத்துவிடுவாள்.

பீப்பாய்கள் நிரம்பி ஒரு வாரம் ஆகியிருக்கும். மார்யுன் தலையைப் பிடித்துக்கொண்டு படுத்தாள். கோடாலி போட்டுப் பிளக்கிற மாதிரி இருக்கிறது என்றாள். மாலைக்குள் உடம்பு கொதித்தது. முதுகு ஒடிகிறது, வெளிச்சம் ஆகவில்லை, தண்ணீர் இறங்கவில்லை. வறட்டு இருமல் ஒன்று அடிவயிற்றிலிருந்து வந்தது. ஹன்சினா அவள் பக்கத்தைவிட்டு அசையவில்லை. சூடான கல்லைக் கம்பளியில் சுற்றிக் காலடியில் வைத்தாள். ஜன்னலை இறுக மூடினாள், கதவிடுக்கில் துணி அடைத்தாள். பழைய எதிரி காற்றுதானே!

கடல் கொந்தளிப்பு அடங்கித்தான் டாக்டரின் படகு வர முடிந்தது. வட்டார டாக்டர் பிராண்ட், டேனிஷ்காரர். எங்கள் பாஷையை உடைத்து உடைத்துப் பேசுவார். மார்யுனின் நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். பிறகு வயிற்றில் வைத்துக் கேட்டார். எழுந்து போய் முதல் வேலையாக ஜன்னலைத் திறந்தார்.

"ஐயோ டாக்டர், ஊதக்காத்து!"

"அவளுக்கு மூச்சுக்கு வழி இல்லம்மா. திறந்தே இருக்கட்டும்." கைகளைக் கழுவிக்கொண்டே கேட்டார், "இவ பறவை பறிச்சாளா?"

"எங்க ஊர்ல பறிக்காத பொம்பளை உண்டா?"

"இந்த மாசம் மூணு ஊர்ல இதே காய்ச்சலைப் பாத்துட்டேன். எல்லாம் பொம்பளைங்க. எல்லாம் பறிச்சவங்க. மாசமா இருக்கிறவங்களைத்தான் இது..." மார்யுன் கையிலிருந்து ரத்தம் எடுத்துக் கண்ணாடிக் குப்பியில் அடைத்தார். கொட்டகையிலிருந்து இறகும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு மார்யுனுக்கு நினைவு வந்து வந்து போயிற்று. வயிற்றில் கைவைத்து, "அத்தை, உதைக்கவே இல்லையே, ஏன் உதைக்கலை?" என்று கேட்டாள். "தூங்குதுடி, பிள்ளைங்க தூங்கும்" என்றாள் ஹன்சினா. "என்னை வெளிய கூட்டிட்டுப் போங்க. புல்லு மேட்டுக்கு. எனக்குக் காத்து வேணும்" என்று சட்டையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். மறுநாள் மதியம், புல் புரட்ட ஏற்ற வெயிலடிக்கும்போது, போய்விட்டாள். பிள்ளை அதற்கு முன்னாலேயே போயிருந்தது. ஹெய்னி பெண்டாட்டியின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஹன்சினா அழவில்லை.

பாதிரியார் வர முடியாத நாளில் கோயிலில் வாசிக்கிற பெரியவர்தான் அடக்கம் செய்துவைத்தார். கொடுத்தவர் எடுத்துக்கொண்டார் என்றார். ஹெய்னி அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் குளிர்காலத்தைத் தாண்டினான். கர்த்தர் எடுத்தார், மனுஷன் என்ன செய்ய முடியும் என்று அவனாகவே சொல்லிக்கொள்வான். சாப்பிட்டான், கடலுக்குப் போனான், சாயங்காலங்களில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து நூல் சுற்றிக்கொடுத்தான். அந்த வீட்டில் மிச்சமிருந்த ஆறுதல் அவ்வளவுதான்.

அடுத்த ஆகஸ்டில், படகுகளுக்குத் தார் பூசிக்கொண்டிருந்த சமயம், டாக்டர் மறுபடி வந்தார். பள்ளிக்கூட அறையில் ஊரைக் கூட்டினார். கோபன்ஹேகனிலிருந்து பதில் வந்துவிட்டது என்றார். மார்யுன் ரத்தத்தில் இருந்தது, கூண்டில் கிளி வளர்க்கிறவர்களுக்கு வருகிற நோய்.

"கிளியா?" என்றான் ஹன்ஸ் பாலி. ஊருக்கு ஒரு கோமாளி வேண்டுமே, எங்களுக்கு அவன். "டாக்டர், இந்த ஊர்ல ஓயாம பேசுற பறவை ஒண்ணே ஒண்ணுதான். அது சாமல் வீட்டுல இருக்கு."

அறை முழுக்கச் சிரித்தது. வழக்கமாக இருந்தால் ஹன்சினா அவனை உரித்துத் தொங்கவிட்டிருப்பாள். அன்றைக்கு அவள் வாயே திறக்கவில்லை. சிரிப்பு தானாகவே அடங்கிப்போயிற்று.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார், கிளிப்பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி திரும்பத் திரும்பச் சொன்னார். நோவாத்திக் குஞ்சுக்கும் அந்த நோய் இருக்கிறது. காய்ந்த இறகுத் தூளிலும் எச்சத்தூளிலும் ஒட்டிக்கொண்டு மூச்சோடு உள்ளே போகிறது. தடைச் சட்டம் வரத்தான் போகிறது, ஆனால் இந்த வருஷத்துக்குள் வராது. அதுவரை நீங்களாகவே நிறுத்துங்கள் என்று கெஞ்சினார்.

"நிறுத்திட்டு? குளிர்காலத்துல கல்லைத் திங்கறதா?" என்று ஒருத்தர் எழுந்தார்.

"பிடிக்கிறது நாங்க. எங்க மூஞ்சியிலதான் துப்புது. எங்களுக்கு ஏன் வரலை?" என்று இன்னொருத்தர்.

"கடல்ல காத்து அடிக்குது, தூளு நிக்காது" என்றார் டாக்டர். "கொட்டகையில நிக்கும்."

அப்போதுதான் ஹன்சினா முதல் தடவையாகப் பேசினாள். "வாசல்கிட்ட உக்காந்து பறிச்சா?"

"ஆபத்து கொஞ்சம் குறைவு."

"உள்ள, மூலையில?"

டாக்டருக்குச் சூலிமூலை தெரியாது. அவரிடம் யாரும் சொன்னதில்லை. ஊரில் எல்லோருக்கும் அது பழகிப்போன விஷயம். "எவ்வளவுக்கு அடைச்சிருக்கோ அவ்வளவுக்குக் கெடுதல்" என்று வெகு சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குத் திரும்பினார்.

மெழுகுவத்திச் சுடர் அசையாமல் நின்றது ஹன்சினாவின் கண்முன் வந்தது. தன் கையே தன் குடியைக் கெடுத்திருக்கிறது. அவள் தலை நிமிர்ந்தபோது பார்வையில் பட்டது சிக்கா லேனா. ஐந்து மாச வயிறு. அவள் மாமியார் முந்தின நாள்தான் பெருமையாகச் சொல்லியிருந்தாள், இந்த வருஷம் மூலை எங்க லேனாவுக்குத்தான் என்று. பக்கத்துச் சுவரோரம் ஹெய்னி. வாயை மூடிக்கொண்டிருந்தால் மகன் பக்கத்தில் இருப்பான். மார்யுன் கெஞ்சினது அவனுக்குத் தெரிய வழியே இல்லை. வாயைத் திறந்தால் அவன் பிடித்துக்கொண்டிருக்கிற அந்த ஒரு ஆறுதலையும் அவளே பிடுங்கின மாதிரி.

அதற்குள் ஆண்கள் தங்களுக்குள் பேசி முடித்துவிட்டார்கள். "டாக்டர் நல்லவர்தான், பாவம். ஆனா கிளி நோய்க்குப் பயந்து பட்டினி கிடக்க முடியுமா? வர்ற வாரம் படகை இறக்குவோம்" என்று நாற்காலிகளைப் பின்னால் தள்ளினார்கள்.

"இறக்குங்க" என்றாள் ஹன்சினா. எழுந்து நின்றாள். "இறக்கிக் கொண்டுவந்து கரையில கொட்டுங்க. எவ பறிக்கிறான்னு நான் பாக்கறேன்."

"ஹன்சினா, உனக்கென்ன..."

"நான் பேசி முடிக்கிறேன். ஆன்னிகாவை அந்த மூலையில உக்கார வச்சது யாரு? நான். அவ செத்தப்போ காத்துதான் கொன்னுச்சுன்னு சொன்னது யாரு? நானும்தான் சொன்னேன். மார்யுன் வேண்டாம்னு சொன்னா. எரிமண்ணு சுமக்கறேன், புல்லு புரட்டறேன், கொட்டகை வேண்டாம்னு என்கிட்ட கெஞ்சினா. நான் விடலை. பாயை வச்சு மூலையை அடைச்சேன். ஒரு பொட்டு இடுக்கு விடாம நானே ஆணியடிச்சேன். அந்தத் தூளெல்லாம் உள்ள நிக்கிற மாதிரி அடைச்சுட்டு, என் மருமகளையும் என் பேரப்பிள்ளையையும் அதுக்குள்ள உக்கார வச்சேன். இதுக்கு மேல டாக்டர் உங்களுக்கு என்ன சொல்லணும்? லேனாவை அங்க உக்கார வைக்கிறவ யாரோ, அவ முதல்ல என் கழுத்தை நெரிச்சுட்டு உக்கார வைக்கட்டும்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். ஹெய்னி சுவரைவிட்டு விலகி, யார் முகத்தையும் பார்க்காமல் வாசலைத் தாண்டிப் போனான். வீட்டுக்குப் போகவில்லை. சித்தப்பா வீட்டில் போய்ப் படுத்துக்கொண்டான்.

அந்த வருஷம் ஸ்கார்விக்கில் ஒரு பறவையும் பறிபடவில்லை. பெண்கள் ஒருத்தியும் கொட்டகைக்குள் கால் வைக்கவில்லை, ஆண்கள் என்ன கத்தியும் பலிக்கவில்லை. குளிர்காலம் உருளைக்கிழங்கும் காய்ந்த மீனுமாக நகர்ந்தது. பிள்ளைகள் இறைச்சி கேட்டு அழுதபோது, "போய் ஹன்சினாகிட்ட கேளு" என்று சொன்ன தாய்மார்கள் இருந்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பிறகு சட்டம் வந்தது. பல வருஷம் இருந்தது. சட்டத்தை எடுத்தபோது ஹன்சினா கிழவியாகிவிட்டாள். பறவையை வெந்நீரில் முக்கி ஈரத்தோடு பறிக்கிற வழக்கம் அதற்குப் பிறகு வந்ததுதான். சூலிகளைக் கொட்டகைப் பக்கமே இப்போது அண்டவிடுவதில்லை. சின்னஞ்சிறுசுகள் "இதுகூடத் தெரியாம இருந்தாங்களா?" என்று கேட்கும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தெரிந்த பிறகு யாருக்குத்தான் தெரியாது?

அந்தக் குளிர்காலத்துக்கு வருகிறேன். ஹெய்னி சித்தப்பா வீட்டிலேயே இருந்தான். எங்கள் ஊரில் ஒரே பாதைதான், எதிரே வந்தால் ஒதுங்கி வழிவிடாமல் தீராது. அம்மா வந்தால் ஒதுங்கி நிற்பான், கடலைப் பார்ப்பான், அவள் போன பிறகு நடப்பான். மார்ச்சில் ஐஸ்லாந்துப் பக்கம் போகும் மீன்பிடிக் கப்பலில் பெயர் கொடுத்துவிட்டான் என்று சாமல்தான் வந்து சொன்னான். "ஒரு வார்த்தை பேசாமலே போயிடுவானா?" என்று கேட்டாள் ஹன்சினா.

அவளும் யாரோடும் சேரவில்லை. கை இரண்டையும் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவுவாள், கழுவிக்கொண்டே இருப்பாள். தெருவில் குழந்தை ஓடிவந்து காலைக் கட்டினால் கையைத் தூக்கிக்கொண்டு விலகிப் போவாள். கிறிஸ்துமஸ் கழிந்து சிக்கா லேனாவுக்குப் பெண் பிறந்தது. தாயும் சேயும் நலம். ஊர்ப் பெண்கள் எல்லோரும் சாப்பாடு எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தார்கள். ஹன்சினா ஒரு ஆட்டுத்தொடையைச் சாமல் கையில் கொடுத்தனுப்பினாள், அவள் போகவில்லை. "நான் தொட்டா எதுவும் உருப்படாது" என்றாள்.

பிப்ரவரியில் பாதிரியார் வந்த ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம். ஊரே கோயிலில் இருந்தது. ஹன்சினா தலைவலி என்று சொல்லிவிட்டு அடுப்படியில் தனியாக உட்கார்ந்திருந்தாள். ஆராதனை முடிகிற நேரம், வாசலில் யாரோ பூட்ஸ் பனியைத் தட்டுகிற சத்தம் கேட்டது. கதவு திறந்தது. ஹெய்னி நின்றான். மார்போடு சேர்த்து, சால்வையில் சுற்றின பொட்டலம் ஒன்று.

ஆறு மாசத்துக்குப் பிறகு அந்த வாசலில் அவனைப் பார்க்கிறாள்.

"யாரு பிள்ளைடா?" என்று கேட்டாள், தெரிந்துகொண்டே.

"லேனாவோட பொண்ணு. என்னைத்தான் ஞானத்தகப்பனா நிக்கச் சொன்னாங்க."

"விருந்துக்குப் போகாம இங்க எதுக்குக் கொண்டுவந்த? குளிர்ல..."

"லேனாதான் கொண்டுபோகச் சொன்னா."

"பேரு?"

அவன் குழந்தையின் முகத்தை மூடியிருந்த துணியை விலக்கினான். "மார்யுன்" என்றான்.

ஹன்சினா எழுந்து பின்னால் நகர்ந்தாள். அடுப்புச் சுவர் முதுகில் இடித்தது. கை இரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டாள். "வேண்டாம்டா. என் கை வேண்டாம். எடுத்துட்டுப் போயிடு."

"தூக்கும்மா" என்றான் ஹெய்னி. "எனக்குக் கை வலிக்குது."

குழந்தையை அவள் மார்பில் சாய்த்தான், அது விழாமலிருக்க அவள் கை தானாகவே முன்னால் வந்து தாங்கியது. புதுக் கை பட்டதும் அது வீறிட்டு அழுதது. ஹன்சினா அதைவிடச் சத்தமாக, மார்யுன் போன நாளிலிருந்து அழாத அழுகையெல்லாம் சேர்த்து அழுதாள். ஹெய்னி பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் அழுது முடிக்கட்டும் என்று காத்திருந்தான்.